முழங்காலில் நின்ற நிழல்

ஹெப்சிபாவின் நிழல் அவளோடு எழுந்து வராமல் சிற்றாலயத்துத் தரையிலேயே முழங்காலில் நின்றுவிட்ட அன்று காலை, கல்லூரியில் இயற்கணித உள்தேர்வு இருந்தது, விடுதியில் கடைசிப் பந்திக்குச் சாம்பார் எட்டவில்லை, பக்கத்து வாழைத்தோட்டத்தின் ஈர வாசனை காற்றில் வந்துகொண்டிருந்தது. மற்றபடி அது எல்லா நாட்களையும் போல ஒரு நாள்தான். முதல் மணி அடித்ததும் அவள் ஆமென் சொல்லி எழுந்து, சுடிதாரில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்த்தாள். கிழக்கு ஜன்னல் வெயிலில், மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில், அவளுடைய நிழல் தலைகுனிந்து, கைகூப்பி, பின்னலின் நுனி தோளில் கிடக்க, அப்படியே இருந்தது. தேர்வுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவள் போய்விட்டாள்.

அந்த மிஷன் கல்லூரி பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நெல்வயல்கள் முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் இருந்தது. ஹெப்சிபா அங்கே கணிதம் இரண்டாம் ஆண்டு. ஊர் ஆரோன்புரம். அப்பா பொன்ராஜ் எரிந்துபோன கிணற்று மோட்டார்களை அவிழ்த்துச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். அம்மா செல்வக்கனி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஆடிக்காற்று கூரைத் தகரங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்த செல்வக்கனி, உரித்ததும் உரிக்காததுமான ஒரு முட்டையைக் கையில் பிடித்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து அவள் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சில நேரம் கண் திறக்கும், ஆனால் அந்தக் கண் யார்மேலும் நிற்காது. மின்விசிறியைப் பார்ப்பது போலவே மகளையும் பார்க்கும்.

"எந்திரிச்சிருவாளா டாக்டரம்மா?" என்று பொன்ராஜ் கேட்டார்.

"சொல்ல முடியாதுய்யா" என்றார் டாக்டர் ஜுலைகா. சின்ன வயதுக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"நாங்க பேசுதது கேக்குமா அவளுக்கு?"

"அதுவும் சொல்ல முடியாது."

படிப்பை நிறுத்திவிட்டு வந்து அம்மா பக்கத்தில் இருக்கிறேன் என்று ஹெப்சிபா சொன்னபோது பொன்ராஜ் சம்மதிக்கவில்லை. "ஒனக்கு ரெண்டே வேலதான் பாப்பா. படி. ஜெபம் பண்ணு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்." அதனால் அவள் தினமும் காலையில் வகுப்புக்கு முன்பு சிற்றாலயத்துக்குப் போனாள், சாயங்காலம் பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கே அம்மாவின் விரல்களை நீவிவிட்டபடி நுண்கணிதம் படித்தாள். முதலில் அவளுடைய ஜெபம் நீளமாக இருந்தது, அம்மாவின் பெயர், ஊர், நோய், டாக்டரின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. பிறகு அதில் பேரங்கள் வந்தன, இதைத் தருகிறேன் அதை விட்டுவிடுகிறேன் என்று. பிறகு பேரங்களும் தீர்ந்துபோய், கோபமும் தீர்ந்துபோய், அம்மா என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது, அதையும் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அப்படி ஒற்றைச் சொல்லாக ஜெபம் சுருங்கியிருந்த நாட்களில்தான் நிழல் எழுந்து வராமல் நின்றுவிட்டது.

அதை முதலில் கண்டது பாடகர் குழு. சாயங்காலப் பயிற்சிக்கு வந்த ஒரு முதலாமாண்டுப் பெண் தெரியாமல் அதன்மேல் காலை வைத்துவிட்டு, "ஸாரிக்கா" என்று விலகினாள், பிறகுதான் அங்கே அக்கா யாரும் இல்லை என்று பார்த்தாள். கூட்டம் கூடியது. யாருடைய நிழல் என்ற கேள்விக்கு ஹெப்சிபாவின் அறைத்தோழி இசக்கியம்மாள் வந்துதான் பதில் சொன்னாள்: "இது எங்க ரூம் ஹெப்சில்லா. பின்னல்ல பாருங்க, ரப்பர் பேண்ட் பாதில தொங்குது. ஆயிரந்தரம் சொல்லிட்டேன், ஒழுங்கா போடமாட்டா."

விடுதி வார்டன் மேபல் மேடத்துக்கு வந்த சங்கடம் வேறு மாதிரியானது. ஆறு மணிக்கு மேல் விடுதிப் பெண்கள் யாரும் வெளியே இருக்கக்கூடாது என்பது விதி. நிழல் இருக்கலாமா என்று விதியில் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஆலயத்தில்தானே இருக்கிறது, வேறெங்கும் சுற்றவில்லையே என்று அனுமதி கொடுத்தார். மழை பிடித்துத் தரை சில்லிட்ட வாரத்தில் அவரே ஒரு கம்பளியைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்திவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தபோது கம்பளி தரையில் இருந்தது, நிழல் கம்பளியின்மேல் இருந்தது, அதே தலைகுனிவோடு. இயற்பியல் துறையினர் விளக்குகளைக் கொண்டுவந்து கிழக்கே வைத்தார்கள், மேற்கே வைத்தார்கள், நேர்மேலே தொங்கவிட்டார்கள். நிழல் நீளவுமில்லை, குறுகவுமில்லை. மின்சாரம் போன நேரத்தில் ஆலயம் முழுக்க இருட்டானபோதும் அந்த இடம் மட்டும் இருட்டைவிட ஒரு பங்கு கூடுதல் இருட்டாக, இருக்கிறேன் என்று சொல்வது போலத் தெரிந்தது. அவர்கள் விளக்குகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கல்லூரிப் போதகர் எலியேசர் அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறி, எழுதிக் கொண்டுவந்த பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு, "இத்தன வருசமா நானும் முழங்கால்ல நிக்கேன். என் நிழல் எனக்கு முன்னாலயே எந்திரிச்சிருது" என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து திருவிருந்துக்கு வரிசையாக வருகிறவர்கள் நிழலை மிதிக்காமல் வளைந்து போனார்கள், மூன்றாவது பெஞ்சின் ஓரத்து இடம் தானாகவே காலியாக விடப்பட்டது, காணிக்கைப் பை கொண்டுவருகிறவர்கூட அந்த இடத்தில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்.

பிறகு ஜனம் வந்தது. முதலில் தேர்வுக்குப் போகிற மாணவர்கள், பேனாவை நிழலின் ஓரத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் எல்லோரிடமும் சொன்னார்கள், தோற்றவர்கள் நாங்கள் தலைப்பக்கம் ஒற்றாமல் கால்பக்கம் ஒற்றிவிட்டோம் என்றார்கள். பிறகு கல்யாணம் தள்ளிப்போகிற பெண்களின் தாய்மார், பிறகு மேலப்பாளையத்திலிருந்து, கண்ணில் புரை விழுந்த தகப்பனாரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த ஒரு பீடித் தரகர், பிறகு தினமும் அந்த வழியாகப் போகிற பேருந்தின் நடத்துனர், அவர் ஒரு முழம் பிச்சிப்பூவை வாசல்படியில் வைத்துவிட்டு விசில் ஊதிக்கொண்டே ஏறிப்போவார். எந்தச் சாமிக்கு என்று யாரும் கேட்கவில்லை. முழங்காலில் நிற்கிற பிள்ளை எல்லோருக்கும் பிள்ளைதானே என்று இருந்துவிட்டார்கள். வாசலுக்கு வெளியே மெழுகுவர்த்தி விற்கிறவர் வந்தார், அவருக்குப் பக்கத்தில் சுண்டல், அதற்குப் பக்கத்தில் பனங்கிழங்கு. கல்லூரிச் செயலாளர் நிழலைச் சுற்றி ஒரு பித்தளைக் கம்பி வேலி போட்டு, "இது நம்ம ஸ்தாபனத்துக்கு ஆண்டவர் கொடுத்த சாட்சி" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஹெப்சிபா நிழலில்லாமல் நடமாடினாள். அதற்கும் எல்லோரும் பழகிவிட்டார்கள். மத்தியான வெயிலில் அவளோடு நடக்கிற பெண்கள் தங்கள் நிழல் அவள் பக்கம் விழுந்தால், கொஞ்சம் வைத்துக்கொள் என்பது போல அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். பருவத் தேர்வில் அவளுக்கு ஜன்னலோர இடம். மற்றவர்கள் தாளில் எழுதுகிற கையின் நிழலும் சேர்ந்து ஊர்ந்துகொண்டிருக்க, அவள் தாள் மட்டும் பளீரென்று வெறுமையாக, அவள் எழுதியதைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இருந்தது. உடம்பு லேசாகிவிட்டிருந்தது. அந்த லேசுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் நிழல் நின்ற நாளிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை. அம்மா என்ற அந்த ஒற்றைச் சொல்லும் போய்விட்டது. கூட்டம் வருவதற்கு முன்னால் விடிகாலையில் போய், வேலிக்கு வெளியே நிழலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுப் பார்த்தாள். யாரோ ஒருத்தி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. அம்மாவுக்காகத்தான் நிற்கிறாயா என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். நிழல் தலை நிமிரவில்லை.

ஜனங்கள் அவளிடமும் வந்தார்கள். வகுப்புக்குப் போகிற வழியில் மறித்து, "பிள்ள, எம்மவனுக்காக ரெண்டு வார்த்த ஜெபிச்சிரு" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, ஆமென் சொல்லி அனுப்பினாள். அவர்கள் முகம் தெளிந்து போவார்கள். அவள் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

"எனக்கு உள்ள ஒண்ணுமே இல்லட்டி" என்று ஒரு சாயங்காலம் துணி உலர்த்தும்போது இசக்கியிடம் சொன்னாள். "வெறும் வாய அசைக்கேன். பொய்யி."

இசக்கி பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். "அதான் அது பண்ணுதே. பொறவு நீ எதுக்குப் பண்ணணும்?"

"அது நானில்ல."

"பொறவு யாரு? பக்கத்து ஊர்க்காரியா?"

"தெரியல. நான் எந்திரிச்சிட்டேன், அது எந்திரிக்கல. நம்புத பாகம் அங்கயே நின்னுட்டு, மிச்சந்தான் பரீட்ச எழுதப் போச்சு. இப்ப ஊரே அத வந்து கும்பிடுது. என்னால மட்டும் முடியல."

இசக்கி காலி வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வா, காப்பி ஆறிரும்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பொன்ராஜ் விஷயம் கேள்விப்பட்டு நிழலைப் பார்க்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கித் தூங்கிக் கழுத்து ஒருபக்கம் சாய்ந்துபோன மனிதர், விரல் நகங்களில் வார்னிஷ் கறை போகாதவர், வேலிக்கு முன்னால் வந்து நின்று மகளின் நிழலைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருடைய முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. தினமும் வந்தார். வருகிறவர்களுக்கு வழிசொன்னார். "எம் மவளுதான். அவ அம்மைக்காக நிக்கா. அது எந்திரிக்க அன்னைக்கு அவளும் எந்திரிச்சிருவா" என்று எல்லோரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அது ஊருக்கே தெரிந்த உண்மையாகிவிட்டது. செல்வக்கனி எழுகிற அன்று நிழல் எழும், நிழல் எழுகிற அன்று செல்வக்கனி எழுவாள். இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஜுலைகா ஹெப்சிபாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மூளைக்குள் நீர் சேர்ந்துகொண்டே வருகிறது, ஒரு குழாய் வைத்து வயிற்றுக்குள் வடித்துவிட வேண்டும், அதற்குத் தலையில் துளை போட வேண்டும்.

"வச்சா சரியாகுமா?"

"சொல்ல முடியாதும்மா. சில பேரு நல்லா முழிச்சிக்கிறாங்க. சில பேரு அப்படியே இருப்பாங்க. டேபிள்லயே போறதும் உண்டு."

"வைக்காட்டா?"

"வைக்கலன்னா, நீர் கூடிக்கிட்டே போகும். அது எனக்குத் தெரியும். எவ்வளவு நாள் தாங்குவாங்கன்னு மட்டும் தெரியாது. அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. நிழல் நிக்கும்போது கத்தி எதுக்குன்னு கேக்கிறாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போய்ப் பாத்தேன், ஒன் நிழல. தப்பா நெனச்சிக்காத. எங்க வாப்பாவுக்கும் ஒடம்பு முடியல. பக்கத்துல கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வந்தேன். ஆனா இதுக்கு அது பதிலில்லம்மா."

ஹெப்சிபா நேரே கல்லூரிக்குப் பேருந்து ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மத்தியானமாகியும் கூட்டம் கலையவில்லை. பொன்ராஜ் வேலியோரம் உட்கார்ந்து ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். போதகர் எலியேசர் ஓரத்து ஜன்னலில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அப்பா, டாக்டரம்மா பதில் கேக்காங்க."

"என்னத்துக்குப் பதிலு? அதான் நிக்கில்லா" என்று அவர் நிழலைக் காட்டினார். "நேத்துக்கூட ஒரு அம்மா வந்துச்சி. அது மவனுக்குப் பேச்சே வராம இருந்து, இங்க வந்துட்டுப் போனதுல இருந்து..."

"அப்பா, எனக்கு ஜெபம் வரல."

அவர் சரியாகக் கேட்காதவர் போல நிமிர்ந்து பார்த்தார்.

"இது இங்கன நின்ன நாளுல இருந்து வரலப்பா. முழங்கால் போட்டா கால் வலிக்கு, அவ்வளவுதான். ஒங்ககிட்ட தினமும் ஜெபிச்சேன் ஜெபிச்சேன்னு சொன்னதெல்லாம் பொய்யி. இவங்க எல்லாருக்கும் ஜெபிச்சதும் பொய்யி."

கைக்குழந்தைக்காரி எழுந்து இரண்டு பெஞ்சு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். பொன்ராஜ் நிழலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இது?" என்றார்.

"இது என்ன கேக்குன்னு எனக்குத் தெரியாது. அம்மாவுக்காக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்டுப் பாத்துட்டேன், சொல்லல. அது இங்க நிக்கட்டும்ப்பா. ஆனா அதால ஆஸ்பத்திரிக்கு வரமுடியாது. கையெழுத்துப் போடமுடியாது. நீங்களும் நானுந்தான் போகமுடியும்."

"நம்பிக்கையில்லாம எப்படிம்மா அவள கத்திக்குக் குடுக்கது?"

"பயந்துக்கிட்டே குடுப்போம். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே குடுப்போம்ப்பா."

பொன்ராஜ் தன் கைகளைப் பார்த்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். பிறகு மெல்ல, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "எரிஞ்ச மோட்டார அவுக்கும்போது, இது ஓடுமா ஓடாதான்னு எனக்கும்தான் தெரியாது. அவுக்காம வச்சா மட்டும் ஓடவா போவுது." எழுந்தார். எழும்போது கால் மரத்துப்போயிருந்தது, ஹெப்சிபா பிடித்துக்கொண்டாள். போதகர் எலியேசர் வந்து மற்றொரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

ஊர் அதை லேசில் பொறுத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கையில்லாத பிள்ளை என்று பேசினார்கள். செயலாளர் அவளை வரவழைத்து, ஸ்தாபனத்தின் சாட்சியைக் கெடுத்துவிட்டாய் என்று வருத்தத்தோடு சொன்னார். அவளுடைய அவிசுவாசத்தால் நிழல் கலைந்துவிடும் என்று சிலர் பயந்து, அவள் வேலிப்பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். வெயிலில் நடக்கும்போது தங்கள் நிழலை அவள்பக்கம் விட்டுவைத்த பெண்கள் இப்போது மறுபக்கம் மாறி நடந்தார்கள். நிழல் கலையவில்லை. யார் பேச்சும் அதன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்த காலையில் சிற்றாலயத்தில் நிற்க இடமில்லை. நிழல் எழுகிறதா என்று பார்க்கச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வந்து, வேலியைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் மூன்று பேர்தான் இருந்தார்கள்: பொன்ராஜ், ஹெப்சிபா, வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த இசக்கி. இசக்கி நெடுநேரம் தயங்கிவிட்டு, தன் ஊர் அம்மன் கோயில் குங்குமத்தை ஒரு காகித மடிப்பில் எடுத்து, "மாமா, நீங்க வேதக்காரங்க, வாங்குவீகளோ என்னமோ..." என்று இழுத்தாள்.

"குடு பிள்ள" என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் பொன்ராஜ். "இன்னைக்கு யாரு குடுத்தாலும் வாங்குவேன்."

ஹெப்சிபா ஜெபிக்கவில்லை. முயலக்கூட இல்லை. எதிர்ச்சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, அப்பாவின் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்து யாராவது வெளியே வரும்போதெல்லாம் மூவரும் எழுந்து நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். கடைசியாக டாக்டர் ஜுலைகா வந்தபோது மூவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். "உசுரோட இருக்காங்க" என்றார் அவர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால்.

சிற்றாலயத்தில் நிழல் எழவில்லை.

செல்வக்கனி கொஞ்சம் கொஞ்சமாக விழித்தாள். முதலில் கண் ஒரு இடத்தில் நின்றது, பிறகு ஆளைத் தொடர்ந்து நகர்ந்தது, பிறகு இடதுகை எழுந்து சேலை விளிம்பைத் தேடியது. ஒரு நாள் பொன்ராஜைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்றாள், அவர் வாசலுக்குப் போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அன்று சாயங்காலம் ஹெப்சிபா ஓடிவந்து கட்டில் பக்கத்தில் நின்றபோது, செல்வக்கனி பதறி, எழ முயன்று, முடியாமல், மரியாதையோடு சிரித்து, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாள்.

"அம்மா, நான் ஹெப்சி."

"இருக்கட்டும் டீச்சர். எம் பொண்ணு நல்லா படிக்காளா?"

மற்ற எல்லோரையும் அவளுக்குத் தெரிந்தது. கணவன், தங்கச்சி, பள்ளிக்கூடத்து ஆயா, ஆரோன்புரத்துக் கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டி வரைக்கும். தனக்கு ஒரு மகள் இருப்பதும் தெரிந்தது. அவள் கல்லூரியில் இருக்கிறாள், தூரத்தில் இருக்கிறாள், படிப்பு முடிந்ததும் வருவாள். எதிரே உட்கார்ந்து விரல்களை நீவிவிடுகிறவள் மட்டும் யாரோ ஒரு நல்ல டீச்சர்.

"ஞாபகம் வந்துருமா?" என்று ஹெப்சிபா கேட்டாள். டாக்டர் ஜுலைகா அவள் தோளில் கை வைத்தார். அவர் சொல்லப்போவதை ஹெப்சிபாவே முந்திக்கொண்டு சொன்னாள்.

ஊருக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சாட்சி சொல்ல அது முழு அற்புதமாக இல்லை, குற்றம் சொல்ல முழுத் தோல்வியாகவும் இல்லை. செல்வக்கனி எழுந்துவிட்டாள், நிழல் எழவில்லை. அப்படியானால் இவ்வளவு நாளும் அது யாருக்காக நின்றது, இன்னும் எதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது? சில பேர் அதற்கு விளக்கம் கண்டுபிடித்தார்கள், விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, பிறகு பேச்சு குறைந்தது, வரத்தும் குறைந்தது. பனங்கிழங்குக்காரர் முதலில் போனார், பிறகு சுண்டல், கடைசியாக மெழுகுவர்த்தி. பேருந்து நடத்துனர் வேறு தடத்துக்கு மாற்றலாகிப் போனார். பித்தளை வேலியில் பச்சை பூத்தது, ஒரு விடுமுறையில் செயலாளர் ஆள் வைத்து அதைக் கழற்றி எடுத்துப்போய்விட்டார். புதிதாக வந்த மாணவர்கள் மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் வளைந்து நடந்தார்கள், ஏன் என்று தெரியாமலே, மூத்தவர்கள் வளைந்து நடப்பதைப் பார்த்து.

செல்வக்கனியை ஆரோன்புரத்துக்குக் கூட்டிப்போனார்கள். வார முடிவுகளில் ஹெப்சிபா வீட்டுக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நான் ஹெப்சி, ஒங்க மவ" என்று சொல்லிக்கொண்டு நுழைவாள். "வாங்க டீச்சர்" என்பாள் அம்மா. அவள் அம்மாவுக்குத் தலைவாரிவிடுவாள், சோறு ஊட்டுவாள், மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டால் நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்வாள். ஒரு சில நேரம் அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பாள். அது எதனால் என்று இருவரில் ஒருவருக்கும் தெரியாது.

கடைசிப் பருவத் தேர்வு நெருங்கிய ஒரு காலை, மழை விட்டு வெளிச்சம் வந்திருந்த நேரத்தில், வெகுநாள் கழித்து அவள் சிற்றாலயத்துக்குள் போனாள். யாரும் இல்லை. நிழல் இருந்தது. அதே இடத்தில், அதே குனிவில், இத்தனை பேர் வந்ததும் போனதும் தெரியாமல். ஹெப்சிபா அதன் பக்கத்தில் நின்றாள். கோபப்படலாமா என்று நினைத்தாள், கோபம் வரவில்லை. தன்னைவிட அதிகமாகக் களைத்துப்போனவர்களைப் பார்க்கும்போது வருகிற ஒரு இரக்கம்தான் வந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள், கூட்டமான பேருந்தில் சொல்வது போல.

நிழல் தலை நிமிரவில்லை. ஆனால் துப்பட்டாவின் ஓரத்தை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, முழங்காலில் நின்றபடியே, ஒரு சாண் நகர்ந்து இடம் விட்டது.

ஹெப்சிபா அந்த இடத்தில் முழங்கால் போட்டாள். தரை சில்லென்றிருந்தது, கால் வலித்தது. எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. அம்மாவுக்காகவா, தனக்காகவா, எதைக் கேட்பது, கேட்கலாமா. பக்கத்தில் இருந்தவள் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் ஹெப்சிபா, தன்னை அடையாளம் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறவளைப் போல, முதலில் தான் யாரென்று சொன்னாள்.

"நான் ஹெப்சி. ஒங்க மவ" என்றாள்.

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.